கொட்டை எனக்கு, பழம் உனக்கு

செம்மண்குப்பத்து முந்திரித் தோப்புகளில் ஒரு முறை உண்டு. மாசியில் கொட்டை விழத் தொடங்கியதும், பொறுக்கப் போகும் பெண்கள் ஒரு கூடைப் பழத்தைக் கொட்டையோடு அப்படியே எடுத்து, மேலே வெற்றிலையும் ஒரு மஞ்சள் கிழங்கும் வைத்துத் தோப்புக்காரர் வீட்டுக்குப் போவார்கள். அவர் ஒரு பழத்தை எடுத்து, அடியில் தொங்கும் கொட்டையைத் திருகித் தன் முறத்தில் போட்டுக்கொள்வார். பழத்தை எதிரே நிற்கிற பெண்ணின் மடியில் போடுவார். "கொட்டை எனக்கு, பழம் ஒனக்கு" என்பார். அன்றிலிருந்து சீசன் முடியும் வரை பழமெல்லாம் பொறுக்குகிறவர்களுடையது.

பெரிய தர்மம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முந்திரிப் பழத்தை யார் சீந்தினார்கள்? கடித்தால் தொண்டையைக் காறும். சாறு பட்ட துணியில் கறை போகாது. மறுநாளே அழுகிவிடும். ஆடு தின்றது போக மீதி தோப்பிலேயே கிடந்து புளித்து நாறும். தனக்கு வேண்டாததை வாரிக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வராது? அதற்கு வெற்றிலையும் மஞ்சளும் வேறு.

மலர்கொடி அந்த ஊரில் பிறந்தவள். சின்ன வயதிலிருந்து அந்தத் தோப்புகளில் பொறுக்கியவள். கல்யாணமாகி மந்தாரக்குப்பத்துக்கு வந்து, பின்பக்கம் கொஞ்சம் காலியிடம் உள்ள ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். கணவன் சிவசங்கர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அடுத்த வருஷம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று கல்யாணப் பேச்சிலேயே சொன்னார்கள். மகன் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அது அடுத்த வருஷமாகவே இருந்தது.

சாமியம்மாள் அவளோடு ஒன்றாகப் பொறுக்கி வளர்ந்தவள். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, புருஷனைப் பறிகொடுத்து, ஒரு பெண் பிள்ளையோடு நின்றாள். சீசனில் தோப்பு வேலை. மற்ற மாதங்களில் கொட்டை உடைக்கும் பட்டறை. முந்திரித் தோட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோல் வெந்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். சாம்பலுக்கு அந்த எண்ணெய் எவ்வளவு நேரம் பயப்படும்? பட்டறைப் பெண்களின் விரல்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே இல்லாமல்.

இரண்டாயிரத்து ஒன்பது முடிகிற சமயம், மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்கு வந்த சாமியம்மாள் மலர்கொடி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். மலர்கொடி சோற்றில் ரசத்தை ஊற்றியதும் அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள்.

"ஸ்பூன் இருந்தா ஒண்ணு குடேன் மலரு. இந்தக் கையால ரசத்தப் பெசஞ்சா உயிரு போவுது."

"வூட்ல எப்பிடிடி சாப்புடற?"

"எம் பொண்ணு ஊட்டி வுட்டுட்டுதான் பள்ளிக்கூடம் போவுது. மத்தியானம் யாரு இருக்கா ஊட்டறதுக்கு. தண்ணியக் குடிச்சுக்கினு கெடக்க வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எட்டாவது படிக்கிற பிள்ளை பெற்றவளுக்குச் சோறு ஊட்டுகிறது, அம்மாக்காரி அதை ஒரு வேடிக்கையாகச் சொல்கிறாள். மலர்கொடி எழுந்து, அடுப்படியில் ஒரு ஸ்பூனைத் தேடிக் கழுவிக் கொண்டு வந்து கொடுத்தாள்.

அதிலிருந்து பிறந்ததுதான் எல்லாம். முந்திரிப் பழச் சாற்றில் அன்றைக்கு வடித்த கஞ்சியை ஊற்றிக் கலக்கி வைத்தால், காறல் முழுக்கக் கஞ்சியைப் பிடித்துக்கொண்டு அடியில் சேறாக இறங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பதைத் துணியில் வடிகட்டிக் குடித்தால் தேன்தான். செம்மண்குப்பத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததாலேயே இதை ஒரு சங்கதி என்று யாரும் நினைத்ததில்லை. வெயில் காலத்தில் வீட்டில் ஒரு குண்டான் போட்டுக் குடிப்பார்கள், அத்தோடு சரி.

மாசியில் பழம் வந்ததும் மலர்கொடி அந்தக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய் மைன்ஸ் கேட்டுக்கு எதிரே வைத்தாள். ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் கரியும் புழுதியுமாக, நாக்கு வறண்டு வருவார்கள். முதல் நாள் முகம் சுளித்துக்கொண்டு வாங்கிக் குடித்தவர்கள் மறுநாள் வரிசையில் நின்றார்கள். சாமியம்மாள் வந்து சேர்ந்தாள். பக்கத்து லைன் வீட்டு லூசியம்மாள் வந்தாள். செம்மண்குப்பத்திலிருந்து இன்னும் சில பெண்கள் காலைப் பஸ்ஸில் பழக்கூடையோடு வந்து இறங்கினார்கள். சாறு போக, உப்பிலிட்ட பழம் ஊறுகாயாயிற்று, அரிந்து வேகவைத்தது வெல்லப் பாகில் புரண்டு வற்றலாயிற்று. பின்பக்கக் காலியிடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை எழுந்தது.

மைன்ஸ் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஷைனி என்ற பெண் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்தாள். பாட்டில் வாங்கித் தந்தாள், லைசென்ஸுக்கு அலைந்தாள், லேபிள் அடித்துத் தந்தாள். இவர்கள் செய்வது மரபறிவை வைத்த சமூகத் தொழில்முனைவு என்று ஒருநாள் எடுத்துச் சொன்னாள். லூசியம்மாள் சாறு வடித்த துணியைப் பிழிந்துகொண்டே, "காறலு எடுக்கறதுக்கு இம்மாம் பெரிய பேராம்மா" என்றாள். அன்றிலிருந்து கஞ்சி ஊற்றும் பெரிய அண்டாவுக்குத் 'தொழில்முனைவு' என்றே பெயர். தொழில்முனைவைக் கழுவியாச்சா என்று கேட்பார்கள். ஷைனியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

சாமியம்மாளுக்குத்தான் காறல் பார்க்கும் பொறுப்பு. தெளிந்த சாற்றில் ஒரு சொட்டு எடுத்து நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். தலையாட்டினால் வடிக்கலாம். சித்திரை பாதியில் அவள் விரல்களில் புதுத் தோல் வந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் கொட்டகையில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, அவள் ரசஞ்சோற்றைக் கையால் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். சோறு கூழாகிவிட்டது, அப்போதும் விடவில்லை.

"திங்கப் போறியா, அதுக்கும் கஞ்சி ஊத்திக் காறலு எடுக்கப் போறியா" என்றாள் லூசியம்மாள்.

எல்லாரும் சிரித்தார்கள், மலர்கொடி மட்டும் சிரிக்கவில்லை. கைகழுவும்போது அவள் சாமியம்மாளிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இனிமே நீ பட்டறைக்குப் போவ வாணாம். நான் இருக்கற வரைக்கும் போவ வுட மாட்டேன்."

"பாக்கலாம்" என்றாள் சாமியம்மாள். ஆனால் அந்த வாரமே பட்டறைக்காரரிடம் போய், ஆடியிலிருந்து தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வருஷம் ஊறுகாயும் வற்றலும் மழைக்காலம் தாண்டியும் அவர்களுக்குச் சோறு போட்டன. சாமியம்மாள் பட்டறைப் பக்கம் போகவே இல்லை.

லேபிள் ஒட்டிய முதல் பாட்டில் தயாரான அன்று மலர்கொடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் வந்ததைத் தோப்புக்காரருக்குக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், அதுதானே முறை. நமக்குப் பழம் கொடுத்த மனிதர் வாயில் முதல் மடக்கு படட்டும் என்றாள். சாமியம்மாள் பாட்டிலைத் துணியால் பளபளவென்று துடைத்துக் கொடுத்தாள். வெளியூர்க்காரி யாராவது இந்தத் தொழிலைத் தொடங்கியிருந்தால் அந்தப் பாட்டில் தோப்புக்காரர் வீட்டுப் படியேறியிருக்காது. முறை தெரிந்தவளாகப் பிறந்ததுதான் மலர்கொடி செய்த தப்பு.

தோப்புக்காரர் சிவப்பிரகாசம் மைன்ஸில் பெர்மனென்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வீடு, ஊரில் அப்பா வழித் தோப்பு. கெட்ட மனிதர் இல்லை, ஊர்ப் பெண்களைப் பெயர் சொல்லி விசாரிப்பார். தட்டில் வெற்றிலை மஞ்சளோடு வந்த பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார். இன்னொரு மடக்கு குடித்தார்.

"காறவே இல்லியேம்மா. நம்ம தோப்புப் பழமா இது?"

"நம்மளுதுதாங்கண்ணா."

"யாரு வாங்கறாங்க?"

மலர்கொடி சொன்னாள். கேட்டில் நிற்கும் வரிசையைச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைச் சொன்னாள், கடலூர்க் கடைக்காரர் ஷைனியிடம் கேட்டு அனுப்பியதைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை வீட்டில் வந்து ஒப்பிக்கிற மாதிரி ஒன்று விடாமல் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்பிடியா" என்று கேட்டுக்கொண்டார். அவர் மனைவி குங்குமம் கொடுத்து அனுப்பினாள். மலர்கொடிக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

மறு வருஷம் மாசி. கூடை, வெற்றிலை, மஞ்சள் கிழங்கு. மலர்கொடியும் சாமியம்மாளும் இன்னும் சில பெண்களும் சிவப்பிரகாசத்தின் குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்றார்கள். அவர் முறத்தோடு வந்தார். ஒரு பழத்தை எடுத்துக் கொட்டையைத் திருகி முறத்தில் போட்டார். சாமியம்மாள் முந்தானையை விரித்து மடியை ஏந்தினாள். அவர் பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு அதையும் முறத்திலேயே வைத்தார்.

"மலரு, தப்பா நெனச்சுக்காத" என்றார். "வெளியூர் வியாபாரி ஒருத்தர் வந்து பழத்த மொத்தமா பேசிட்டாரு. ஜூஸ் கம்பெனிக்கு. பக்கத்துத் தோப்புக்காரங்கல்லாம் சரின்னுட்டாங்க. நான் மட்டும் எப்பிடி வுடறது?"

"வருசா வருசம் எங்களுக்குத்தானங்கண்ணா குடுப்பீங்க."

"வேணாங்கறதக் குடுத்துக்கினு இருந்தேன். இப்ப அது வேணுங்கறதா ஆயிடுச்சு. நீதானம்மா ஆக்குன. எனக்கும் ரெண்டு புள்ளைங்க படிக்குது. ஒனக்கு வேணும்னா அவருகிட்ட வெலைக்கு வாங்கிக்க, நான் சொல்லி வுடறேன்."

சாமியம்மாள் விரித்த மடியை இன்னும் மடக்கவில்லை.

"அப்ப மடியில போட மாட்டீங்களாண்ணா?"

அவர் உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவியைத் திரும்பிப் பார்த்தார். வெட்கமாக இருந்திருக்கும். வெட்கப்பட்டாரே தவிரப் பழத்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

ஷைனி கேள்விப்பட்டு ஓடி வந்தாள். "தோப்புக்காரங்ககூட அக்ரிமெண்ட் எதுவும் போடலியாக்கா?" என்று கேட்டாள்.

"ஆடு திங்கற பழத்துக்கு எவம்மா அக்ரிமெண்ட் போடுவான்" என்றாள் மலர்கொடி.

நல்ல பெண் அவள். கூட உட்கார்ந்து அழுதாள். கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதித் தந்தாள். தோப்பு அவர் தோப்பு, மரம் அவர் மரம், மடியில் போடுவது சட்டத்தில் எங்கும் இல்லை என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். பொய்யும் இல்லை.

பழத்தை விலைக்கு வாங்கி ஓட்டிப் பார்த்தாள் மலர்கொடி. வியாபாரி தன் ஆட்களை வைத்துப் பழத்தை லாரியில் ஏற்றியது போக, நசுங்கியதும் வெதும்பியதும்தான் இவளுக்கு வந்தது. அதற்கும் விலை. பெண்களின் கூலியை அந்த விலை தின்றது. பொறுக்கப் போனவர்களின் கூடையைத் தோப்பு வாசலில் காவல்காரன் சோதனை போட்டான். பிள்ளைக்கு என்று இடுப்பில் செருகிய ஒரு பழத்தைக்கூட எடுத்துக் கீழே வைக்கச் சொன்னான். முன்பெல்லாம் ஒன்றுமில்லாத வீட்டிலும் அந்த ரெண்டு மாதம் பிள்ளைகளுக்குப் பழச்சாறு இருந்தது, ஆட்டுக்குத் தீனி இருந்தது. மலர்கொடியின் கொட்டகையில் ஒருநாளும் கால் வைக்காத வீடுகளில்கூட அந்தக் குண்டான் கவிழ்ந்தது. அவளைக் கண்டால் பேசுவதற்குச் செம்மண்குப்பத்தில் ஆள் குறைந்தது.

கொட்டகைப் பெண்களும் ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். லூசியம்மாள் டவுன்ஷிப்பில் வீட்டு வேலைக்குப் போனாள். கடைசி வரை வந்தவள் சாமியம்மாள். கூலி கொடுக்காத நாளிலும் வந்தாள். வந்து, பாதி அண்டாச் சாற்றுக்கு ஒரு சொட்டு எடுத்து நாக்கடியில் வைத்து, கண்ணை மூடித் தலையாட்டினாள். வைகாசியில் ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மலர்கொடி தேடிப் போகவில்லை. போனால் என்ன சொல்வது? பட்டறைக்குப் போவ வுட மாட்டேன் என்று சொன்ன வாய் அல்லவா.

ஐப்பசியில் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் எதிரெதிரே வந்துவிட்டார்கள். சாமியம்மாள் முந்தானையை இழுத்து ரெண்டு கையையும் சுற்றி மறைத்துக்கொண்டாள்.

"கையக் காட்டுடி" என்றாள் மலர்கொடி.

"பஸ்ஸு வந்துடுச்சு. நான் வரேன்."

மூடிய கையோடு கம்பியைப் பிடிக்க முடியாமல், கண்டக்டர் தோளைப் பிடித்து ஏற்றிவிட, அவள் போய்விட்டாள். மலர்கொடி வாங்க வந்த சாமானை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினாள். தொழில்முனைவைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பாட்டிலை ஏன் கொண்டு போனோம் என்று அழுதாள். கொண்டு போகாதிருந்தாலும் ஒருநாள் தெரிந்துதான் இருக்கும் என்று சிவசங்கர் சொன்னான். அது அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை.

அந்த வருஷம் முடிவதற்குள் 'தானே' என்ற புயல் வந்தது. விடியற்காலையில் கடலூர்ப் பக்கம் கரையேறி, மத்தியானத்துக்குள் அந்த வட்டாரத்து முந்திரியையெல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டது. பூவும் பிஞ்சுமாக நின்ற மரங்கள். பாட்டன் வைத்தது, அப்பன் வளர்த்தது எதுவும் மிச்சமில்லை. பொங்கலுக்கு யாரும் பானை வைக்க மனசில்லாமல் இருந்தார்கள். பழம் பேசிய வியாபாரி போனை எடுக்கவில்லை.

தை பிறந்ததும் செம்மண்குப்பத்தில் பேச்சு பரவியது. சிவப்பிரகாசம் தன் தோப்பைத் திறந்துவிட்டார், யார் வேண்டுமானாலும் போய் விறகு எடுத்துக்கொள்ளலாம். ஊர் ஊராக மரம் விழுந்து கிடக்கும்போது விறகுக்கு ஏது விலை? வெட்டுக் கூலிக்குக்கூடத் தேறவில்லை. வேண்டாததாகிவிட்டது, ஆகவே மறுபடியும் பெண்களுக்கு என்று ஆயிற்று.

மலர்கொடி கத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு போனாள். விறகுக்காகத்தான் போனாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சிவப்பிரகாசம் தோப்பின் நடுவில் ஒரு சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்து பல நாள் இருக்கும். அவளைப் பார்த்து, "எடுத்துக்கம்மா, எது வேணுமோ எடுத்துக்க" என்றார். குரல் உடைந்திருந்தது. கோபப்படலாம் என்று வந்தவளுக்கு அதுவும் முடியவில்லை.

கோடியில் சாமியம்மாள், சேர்த்த விறகைப் பக்கத்தில் போட்டுவிட்டுக் குந்தியிருந்தாள். முறிந்த அடிமரத்திலிருந்து எதையோ பேர்த்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் பழையபடி கறுத்து, தோல் வெடித்து இருந்தன. இந்தத் தடவை அவள் மறைக்கவில்லை. மலர்கொடி எதிரே போய்க் குந்தினாள்.

"என்னாடி அது?"

"பிசினு. முறிஞ்ச எடத்துலல்லாம் வடிஞ்சு கெடக்குது. எம் பொண்ணு புஸ்தகத்துக்கு அட்ட ஒட்டலாம்னு. நாமளும் சின்ன வயசுல இதாலதான ஒட்டுவோம்? தண்ணியில ஊறவெச்சு ஒட்டுனா பூச்சி அரிக்காது."

மலர்கொடி ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பூச்சி அரிக்காத பசை. மைன்ஸ் ஆபீஸில் எத்தனை புத்தகங்கள் பைண்டு போடுகிறார்கள். வடலூரில் அச்சகங்கள் இருக்கின்றன. விழுந்து கிடக்கிற இத்தனை மரத்திலும் பிசின் இருக்கிறது. ஷைனியிடம் சொன்னால் லேபிள். சாமியம்மாள் பட்டறையை விட்டுவிடலாம். பாழாய்ப்போன மனசு, அடிபட்ட பிறகும் அதன் வேலையை அது பார்த்தது.

"மலரு" என்றாள் சாமியம்மாள். "ஒம் மூஞ்சியப் பாத்தாத் தெரியுது."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லாத. ஷைனிப் பொண்ணுகிட்டயும் சொல்லாத. இதுவாச்சும் ஒண்ணுத்துக்கும் ஒதவாததாவே கெடக்கட்டுண்டி. அப்பதான் எங்களுக்குக் கெடைக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. கும்பிட்டுக் கேட்கிற மாதிரி சொன்னாள். அந்தக் கறுத்த கையால் ஒரு பெரிய கட்டியை எடுத்து மலர்கொடியின் மடியில் போட்டாள். "ஒன் பையன் புஸ்தகத்துக்கு வெச்சுக்க" என்றாள். மலர்கொடிக்குக் கண் மறைத்தது. மடியோடு சேர்த்து அந்தக் கட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சிவப்பிரகாசம் எழுந்து மெதுவாக இவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். பேச்சுத் துணைக்காக இருக்கும். சாமியம்மாள் மடியை மூடினாள்.

"என்னம்மா அது, என்னமோ பொறுக்கறீங்களே?"

மலர்கொடி எழுந்து நின்றாள். கேட்டதற்கெல்லாம் முன்பு தான் ஒன்று விடாமல் பதில் சொன்ன அதே மனிதரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. வெறும் குப்ப."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சாமியம்மாள் விறகுக் கட்டைக் கயிறு போட்டு இறுக்கினாள். கட்டின் ஒரு பக்கத்தை மலர்கொடி பிடித்துத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டாள்.